எந்தப் பேண்டு?

கவிதா, சரவணா, இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். (சரவணா, நீ படிக்க மாட்டாய், அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.)

போன வாரம் கவிதா பள்ளிக்கூடத்துக்காக ஒரு கட்டுரை எழுதினாள். வெளியிலிருந்து தமிழுக்கு வந்த ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன பொருள், அது எங்கே பிறந்தது என்று எழுத வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட சொல் ‘பேண்ட்’. எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு நான் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். “என்னப்பா, நல்லா இல்லையா?” என்று முகம் சுருங்கிப் போய்க் கேட்டாள்.

நல்லா இல்லாமல் என்ன? ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அந்தச் சொல்லைப் பற்றி அவள் புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதி தெரியும். அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் முழித்துக்கொண்டிருந்தேன். சங்கதி இதுதான்: அந்த ஒரு சொல் சரியாகப் புரியாமல் உங்கள் அப்பா செய்த காரியத்தால் உங்கள் பாக்கியம் அத்தையின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

அப்போது பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வரவில்லை. கடலைத் தாண்ட வேண்டுமென்றால் ரயில்தான். நாங்கள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊரில் இருந்தோம். எனக்கு மீசை வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது. எங்கள் ஊரில் முழுக்கால் உடுப்புப் போட்ட ஆள் என்று பார்த்தால் ஊசி போட வருகிறவர் ஒருவர்தான். அவரைக் கண்டதும் நாங்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிவிடுவோம். ஆகவே அந்த உடுப்பை எட்ட நின்று பார்க்கும் வாய்ப்புக்கூட எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. அதற்கு எங்கள் ஊரில் பெயர் ‘சராய்’. ‘பேண்டு’ என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். ராமநாதபுரத்துப் பணக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் தொப்பி வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே போவார்களே, அது.

(மூன்றாவதாக ஒரு பேண்டும் உண்டு. அது சுத்தத் தமிழ். சரவணா, சிரித்தது போதும்.)

என் அக்காவுக்கு, அதாவது உங்கள் பாக்கியம் அத்தைக்கு, அதற்கு முந்தின வருஷம் ஒரு சம்பந்தம் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் முறிந்து போயிருந்தது. என்ன காரணம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமல் முறிந்தால் ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அக்கா தண்ணீருக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அமைந்ததுதான் பாம்பன் தீவில் இருக்கிற அக்காள்மடத்து மாப்பிள்ளை, உங்கள் பூமிநாதன் மாமா. தகப்பன் இல்லாத பிள்ளை. பாம்பனில் ஓர் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு எல்லாமாக இருந்தவர் தாய்மாமன் கருப்பையா மாமா.

கருப்பையா மாமாவைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொன்னால் போதும். ஒரு விருந்தில் தன் இலையில் உடைந்த அப்பளம் வைத்துவிட்டார்கள் என்று சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து பஸ் ஏறிவிட்டவர் அவர். அவரைக் கோபப்படுத்தாமல் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் அய்யாவின் ஒரே வேண்டுதல்.

நாள் குறித்துவிட்டுத் திரும்பிப் போகிறவரை வழியனுப்ப நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் புறப்படப் போகிற நேரம். மாமா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

“ஏலே மாப்ள, ஒங்கய்யாட்டச் சொல்லிரு. நக நட்டு, சைக்கிளு, கட்டிலு, ஒண்ணும் வேணாம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பேண்டு மட்டும் வந்துரணும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா! தனக்கென்று எதுவும் கேட்காமல், ஊர் காது குளிர ஊதுவதற்கு ஒரு பேண்டு போதும் என்கிறாரே!

“வந்துரும் மாமா. பெருசா இருக்கணுமா, சின்னதாப் போதுமா?”

“அளவா இருக்கட்டும். ரெம்பப் பெருசா இருந்தா நடக்கையில தடுக்கும்ல.”

சரிதானே. அக்காள்மடத்துத் தெரு குறுகல் என்று அய்யா சொல்லியிருந்தார்.

“என்ன கலரு மாமா?”

“செகப்பு கிகப்புன்னு கொண்டாந்து மானத்த வாங்கிராதீக. நீலம்னா எடுப்பா இருக்கும். ராம்நாட்டுலயே பாரு, அங்கனதேன் நல்லா அமையும்.”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. மாமா போகிற போக்கில் கத்தினார்: “ஓன் ஒசரந்தேன்டா மாப்பிள்ளையும்!”

எதற்காக அதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளையும் நீயும் சரிசமம், அண்ணன் தம்பி மாதிரி இருங்கள் என்று பாசத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீடு வரும்வரை கண் கலங்கிக்கொண்டே வந்தேன். (நம்புங்கள், கலங்கினேன்.)

அய்யா வாய்க்காலில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அய்யா, மாப்பிள்ளை வீட்டுல பேண்டு கேக்குறாக.”

அய்யா கையிலிருந்த வைக்கோல் சுருணையை நிறுத்தினார். “என்னலே சொன்ன?”

“பேண்டு, அய்யா. மாப்பிள்ளை அழைப்புக்கு.”

“செருப்பு பிஞ்சிரும்டா. நல்ல காரியம் பேசுற நேரத்துல வாயில வாரதப் பாரு!”

அவர் நினைத்தது மூன்றாவது பேண்டை. நான் பதறிப்போய் வாயால் ‘பப்பரப்பா’ என்று ஊதிக் காட்டி, வயிற்றில் டிரம் அடித்துக் காட்டி, வாய்க்கால் கரையில் முன்னும் பின்னும் நடந்து காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மாடு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. அய்யா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“ஒண்ணும் கேக்கலய்யா.”

“மகராசன்” என்றார் அய்யா. அவர் அந்த வார்த்தையை அதற்கு முன் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். “ஏலே, எனக்கா பேண்டு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்று உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா வந்து திட்டிய பிறகும் சிரித்த முகம் மாறவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

நான் ராமநாதபுரத்துக்குப் போய் நீல யூனிபார்ம் வைத்திருக்கிற பேண்டு எது என்று விசாரித்து விசாரித்து, சவரிமுத்து மாஸ்டரைக் கண்டுபிடித்தேன். கிளாரினெட் வாசிப்பவர், ஒடிசலான ஆள், நிமிர்ந்த நடை. நீலச் சட்டை, நீலச் சராய். சராயின் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மஞ்சள் பட்டை ஒன்று ஓடியது. “யூனிபார்ம் இல்லாம நான் வாத்தியத்தத் தொடுறதில்ல தம்பி” என்று முதல் பேச்சிலேயே சொன்னார். கோயிலுக்குள் நிற்பதுபோல நான் கைகட்டி நின்றேன்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். அதற்கு முந்தின நாள் பெண் வீட்டுக் கூட்டமும் பேண்டுக்காரர்கள் எட்டுப் பேரும் ஒரே ரயிலில் ஏறினோம். மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் நடையைக் குறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தரை நின்று போனது. பிள்ளைகளே, நீங்கள் பஸ்ஸில் போகும்போது தூங்கிவிடுகிறீர்கள். நான் அன்றுதான் முதன்முதலாகக் கடலுக்கு மேலே இருந்தேன். கீழே பார்த்தால் தண்டவாளமும் தண்ணீரும்தான், நடுவில் ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஒரு நிறம், இடது பக்கம் வேறு நிறம். ஒரே தண்ணீர் எப்படி இரண்டு நிறமாக இருக்கும் என்று ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிப் பார்த்தேன். வம்பளந்துகொண்டு வந்த பெண்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில் பெட்டிக்குள் ‘ஊம்…’ என்று ஒரு சத்தம். பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் முனகுவது போல. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஊதுகுழல்களில் பெரியது ஒன்றை ஜன்னலோரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. கடல் காற்று தானாக அதற்குள் புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. சவரிமுத்து மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாலம் முடியும் வரை யாரும் அந்தக் குழலை நகர்த்தவில்லை. அக்கா என் காதருகில் குனிந்து, “நல்ல பேண்டாத்தேன் புடிச்சிருக்கலே” என்றாள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நான் ஒரு சாண் உயரமாகி பாம்பனில் இறங்கினேன்.

அக்காள்மடத்துத் தெருமுனையில் பெண்களை வண்டியிலிருந்து இறக்கி, பேண்டை முன்னால் நிறுத்தினேன். மாஸ்டர் கையை அசைத்தார். அடித்தார்கள் பாருங்கள், தெருவில் படுத்திருந்த ஆடெல்லாம் எழுந்து நின்றது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால், பேண்டை நானே பெற்று வளர்த்ததுபோல நடந்துவந்தேன்.

பந்தல் வாசலில் கருப்பையா மாமா நின்றார். அவர் பார்வை எங்கள் கைகளில் எதையோ தேடியது. மாஸ்டரைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். வாத்தியம் நின்றது.

“ஏலே, பேண்டு எங்கன?”

“இந்தா மாமா” என்று பின்னால் காட்டினேன். டிரம்காரர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று மரியாதையாக ஒரு ‘டும்’ போட்டார்.

“அட இது இல்லடா. பேண்டு! பேண்டு!”

“இதான் மாமா. நீங்க சொன்ன நீலக் கலரு. பெருசும் இல்ல, சிறுசும் இல்ல. நடக்கையில தடுக்காது.”

மாமா தன் தொடையில் ஓங்கி அடித்தார். “கால்ல போடுறதுடா, கூறுகெட்டவனே! கால்ல! ரெண்டு கொழா இருக்கும்ல!”

அதைக் கேட்டதும் டிரம்பெட்காரர் முன்னால் வந்து, தன் டிரம்பெட்டையும் மாஸ்டரின் கிளாரினெட்டையும் தூக்கிக் காட்டினார். “கொழா ரெண்டு இருக்குங்கய்யா. இன்னொண்ணு பெருசும் கெடக்கு.”

தெரு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கிணற்றுக்குள் விழுந்த வாளி கீழே போய்ச் சேர்வதுபோல விஷயம் புரிந்தது. இந்தத் தீவில் சராய்க்குப் பெயர் பேண்டு. பஸ் ஜன்னலில் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. அளவா இருக்கட்டும். தடுக்கும். நீலம். ஓன் ஒசரந்தேன்.

“ஒரே ஒரு பேண்டு!” மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பேசினார். “நக கேட்டனா? நட்டு கேட்டனா? ஏம் மருமகன் அழைப்புக்குப் பேண்டு போட்டு வருவான்னு பாம்பன் தொட்டு தங்கச்சிமடம் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். அவன் ஆபீசரு வாராரு. குளிச்சிட்டு, பவுடரு போட்டு, சட்டையும் மாட்டிட்டு, இடுப்புல துண்டோட உள்ள நிக்கான்டா! நீ ஆளுகளக் கொண்டாந்து ‘டும்’முங்குற!”

அப்போதுதான் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உங்கள் மாமாவின் முகம், பவுடரோடு தெரிந்தது.

“தெரியாமப் பய செஞ்சுபுட்டான், சம்பந்தி” என்றார் அய்யா.

“தெரியாமலா? ஏளனம்யா! பேண்டு வராம ஏம் மருமகன் வாசப்படி தாண்ட மாட்டான். சொல்லிட்டேன்.”

ஆயத்த உடுப்பு கடையில் தொங்குகிற காலம் இல்லை அது. துணி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து, நாலு தடவை நடந்து வாங்க வேண்டும். அழைப்போ பொழுது சாயும்போது. அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வரப்பில் யாருக்கும் வழிவிடாத மனுஷன் அவர். அந்தத் துண்டு தோளிலிருந்து இறங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். இதுவும் முறிந்தால் அக்கா எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஊருக்குள் நடப்பாள்? தம்பிக்குச் சராய்க்கும் ஊதுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றா?

“மாமா.”

பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது குரல். கல்யாணப் பெண் வாய் திறக்கிற வழக்கமே கிடையாது. அம்மா அவள் கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அக்கா தலையை முழுசாக நிமிர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“நீலப் பேண்டுதேன மாமா கேட்டீக? இங்கன நிக்கிறவுக கால்ல இருக்கது என்னவாம்?”

மொத்தத் தெருவும் பேண்டுக்காரர்களின் கால்களைப் பார்த்தது. எட்டுப் பேரும் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் டிரம்முக்குப் பின்னால் போனார். அந்த நிமிஷம்வரை நான் அவர்களின் தொப்பியைப் பார்த்தேன், குழலைப் பார்த்தேன், மஞ்சள் பட்டையைக்கூடப் பார்த்தேன். பேண்டுக்குள்ளேயே பேண்டு இருப்பது எனக்குத் தெரியவில்லை. அடுப்புக்கு முன்னாலேயே இருந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண்ணா இத்தனை நாள் இருந்தாள் என்று வாய் பிளந்து நின்றேன்.

“வாயப் பாரு, சட்டம் பேசுது” என்றார் மாமா. ஆனால் குரல் ஒரு படி இறங்கிவிட்டது.

ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை முதன்முறையாகப் பேசினார். “எனக்குச் சம்மதந்தேன் மாமா. சீக்கிரம் குடுங்க, காத்தடிக்கிது.”

அதோடு பாதிக் கோபம் சிரிப்பில் போய்விட்டது. மீதியை அளவு பார்க்கும்போது தொலைத்தோம். டிரம்பெட்காரருடையது மாப்பிள்ளைக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. டிரம்காரருடையதில் மாப்பிள்ளையோடு மாமாவும் இறங்கலாம். கடைசியில் அச்சாகப் பொருந்தியது சவரிமுத்து மாஸ்டருடையதுதான்.

மாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “யூனிபார்ம் இல்லாம நான் ஊதுனது கெடையாது தம்பி. கேளு, தாரேன். ஆனா அது இல்லாம ஊதச் சொல்லாத.”

நான் அவர் காலில் விழுந்தேன். (எந்தக் காலில் விழுகிறேனோ அந்தக் காலின் உடுப்பையே கேட்டு விழுந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) “அக்கா வாழ்க்கை மாஸ்டர்” என்றேன். அவர் மஞ்சள் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வேட்டி கட்டிக்கிறேன். ஆனா இந்தக் காத்துல ரெண்டு கையும் வாத்தியத்துல இருக்கும். வேட்டிக்கு யாரு பொறுப்பு?” என்றார்.

“நான் பொறுப்பு” என்றேன்.

பொழுது சாய, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வந்தன. மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நீலப் பேண்டு, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. முதல் நாலு அடி, வாய்க்காலில் இறங்கியவர் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பிறகு நடை வந்துவிட்டது. அந்த மஞ்சள் பட்டை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று மேலும் கீழும் ஓடியது. மாமா மார்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். சொந்த வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தாவது இந்தக் காட்சியைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அதன் வாயில் செருகுகிற நாணல் பட்டை இல்லை. கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே வேட்டி முடிச்சுத்தான் இருந்தது. மெதுவாக மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக இடுப்புப் பக்கம் ஒரு பைக்குள் கையை விட்டு, துழாவி, அந்த நாணலை எடுத்து நீட்டினார். மந்திரத்தில் எடுத்ததுபோலத் தெருப் பிள்ளைகள் கைதட்டின.

பிறகு ஊதினார்கள். காற்றும் அடித்தது. தீவுக் காற்று என்றால் உங்களுக்குத் தெரியும், தொப்பியை எடுத்துக் கடலில் போட்டுவிட்டுத்தான் பேசும். மாஸ்டர் மேலே நீலச் சட்டை, கீழே வெள்ளை வேட்டி, கண்ணை மூடி ஊதிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் குனிந்து, இரண்டு கையாலும் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, அவர் நின்றால் நின்று, திரும்பினால் திரும்பி, தெரு முழுக்க வந்தேன். ஒரு திருப்பத்தில் அவர் உச்சத்தில் ஊதும்போது குதிகாலில் எழும்பினார், நானும் எழும்பினேன். கல்யாணப் பெண்ணின் தம்பி! பட்டுத் துண்டு போட்டு முன்னால் நடக்க வேண்டியவன்!

ஆபீசர் வந்திருந்தார். மாப்பிள்ளையின் பட்டையையும் பேண்டுக்காரர்களின் பட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கருப்பையா மாமாவிடம் கேட்டார்: “மாப்பிள்ளை வாத்தியக் கோஷ்டியிலயும் இருக்காரா?”

மாமா அசரவில்லை. “ஆமாங்க. எல்லா வித்தையும் படிச்ச பய.”

மறுநாள் காலையில் வேட்டி கட்டித் தாலி கட்டினார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து அந்தத் தீவில் எனக்குப் பெயர் ‘வேட்டிபிடி மச்சான்’. நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும், “பேண்டு சொல்லியாச்சா?” என்று ஒருவர் கேட்பதும், மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து “எந்தப் பேண்டு?” என்று கத்துவதும் ஏன் என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். இதுதான். போன மாதம்கூட உங்கள் மாமா புதுப் பேண்டு எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, “மச்சான், அளவு சரியா இருக்கு, ஆனா ஊத மாட்டேங்குது” என்றார்.

இப்போது கவிதா எழுதியதற்கு வருகிறேன். இத்தாலி தேசத்தில் அந்தக் காலத்துத் தெருக்கூத்தில் ஒரு கிழவன் வேஷம் உண்டாம். கோமாளி. இடுப்பிலிருந்து கால்வரை நீளமாக ஓர் உடுப்புப் போட்டுக்கொண்டு வருவானாம். அந்த ஊர்க்காரர்கள் கும்பிட்ட ஒரு புனிதரின் பெயரைத்தான் அந்த வேஷத்துக்கு வைத்திருந்தார்களாம். வேஷத்தின் பெயர் உடுப்புக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு வெவ்வேறு தேசத்து வாய்களில் புகுந்து, பெயர் பாதியாகத் தேய்ந்து, ‘பேண்ட்’ என்று நம் கரைக்கு வந்தது. நம்மாட்கள் பின்னால் ஓர் ‘உ’ போட்டுப் ‘பேண்டு’ ஆக்கினார்கள். நாங்கள் பழைய தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்த ‘சராய்’கூட வெளியிலிருந்து வந்ததாம்.

நீ இதை வாசிக்க வாசிக்க எனக்கு ரயில் பெட்டிக்குள் கேட்ட அந்த ‘ஊம்’ சத்தம் மாதிரி உள்ளே ஏதோ செய்தது, கவிதா. ஒரு கும்பிடுகிற பெயர் கூத்தில் ஏறி, உடுப்பில் இறங்கி, எத்தனையோ கடலைத் தாண்டி, ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜன்னல் வழியாக என் காதில் வந்து விழுந்திருக்கிறது. நான் அதை யாரென்றே தெரியாமல் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஒன்று. கூத்தென்றால் கொட்டு இல்லாமலா இருக்கும்? அந்தக் கோமாளி தெருவில் வரும்போது முன்னால் யாராவது ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும்தான் போயிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு நான் செய்தது ஒன்றும் புதுசு இல்லை. (இதைப் பரீட்சையில் எழுதிவிடாதே. மார்க் போட மாட்டார்கள்.)

தாலி கட்டி முடிந்ததும் மாஸ்டருக்குப் பேண்டைத் திருப்பிக் கொடுத்து, அவர்களை ரயிலேற்ற நான்தான் பாம்பன் ஸ்டேஷனுக்குப் போனேன். புறப்படும் முன் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். “ஏலே, வெளங்கலைன்னா இன்னொருக்கக் கேளு. கேட்டா யாரும் கடிச்சிற மாட்டாக” என்றாள். பிறகு, “ஆனா நல்லா ஊதுனாகலே” என்றாள். மஞ்சள் கயிறு கழுத்தில் புதுசாகக் கிடந்தது.

ரயில் வந்தது. மாஸ்டர் தன் உடுப்புக்குள் மறுபடி நிமிர்ந்து நின்று, தொப்பியைத் தொட்டு எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஏறினார். ரயில் நகர்ந்து கடல் பக்கம் திரும்பும் வரை நின்றேன். பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. இங்கிலீஷில் தொண்டை அதிராமல் சொன்னால் உடுப்பு, அதிரச் சொன்னால் வாத்தியம் என்று மாஸ்டர் வழியில் சொல்லிக்கொடுத்திருந்தார். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு முதலில் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். பிறகு மற்றதை. இரண்டும் ஒரே மாதிரிதான் வந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, இன்னொரு தடவை, மெதுவாக, முதலிலிருந்து சொன்னேன்.